முள்ளோடையில் மூன்று குழாய்

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
ரெட்டிச்சாவடியும் தாண்டினால் பெட்ரோல் மலிவு.
அதனால்தான் கடலூர் வண்டிகள் எல்லாம்
முள் சிவப்பில் கிடக்க
முள்ளோடை வரை உருண்டு வருகின்றன.

ஞாயிற்றுக்கிழமை. எனக்கு முன்னால்
இரண்டு வேன், ஒரு புல்லட்,
வெள்ளை கேனோடு இறங்கி நிற்கும் ஒரு படகுக்காரர்.
"சாதாவா சார், பவரா, நூறா?"
நீலச் சட்டைப் பெண் கேட்கிறாள்.
நெஞ்சுப் பட்டையில் அமலோற்பவம் என்று பெயர்.
ஐநூறுக்கு என்று சொல்லத் திறந்த வாய்
திறந்தபடியே நிற்கிறது.

இத்தனைக்கும் இதுதான் என் பிழைப்பு.
நெல்லிக்குப்பத்தில், ஆலையின் எரிசாராயக் கூடத்தில்
குடுவைக்குள் மிதவை இறக்கி
அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன்.
டேங்கர் டேங்கராய் நான் அனுப்பியது
எங்கோ போய், எண்பதோடு இருபதாய்க் கலந்து
இந்தக் குழாய்க்கே திரும்பி வருகிறது.
என் கையெழுத்தை என் வண்டியே
காலையில் இருமித் துப்புகிறது.

பதினாலு வயசு சான்ட்ரோ.
பழைய ரசீதுகளுக்கு அடியில் கையேடு:
ஆக்டேன் தொண்ணூற்றொன்று போதும்,
எத்தனால் பத்துக்கு மேல் வேண்டாம்.
பதினொன்றைப் பற்றி அது பேசவில்லை.
இருபதை அது கேள்விப்பட்டதே இல்லை.

நேற்று ராத்திரி நானே சோதித்தேன்.
"அடுப்புப் பக்கத்துல பெட்ரோலா? படிச்சவன்தானே நீ?"
வனஜாட்சி மொட்டைமாடிக்கு விரட்டினாள்.
அளவுக் குழாயில் நூறு பெட்ரோல், பத்து தண்ணீர்.
குலுக்கி வைத்துவிட்டு
கடல்காற்றில் கொசு அடித்துக்கொண்டிருந்தேன்.
பத்தில் இருந்த தண்ணீர்க் கோடு
முப்பதுக்குச் சற்றுக் கீழே ஏறி நின்றது.
தண்ணீரைக் கண்டதும்
பெட்ரோலை விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தது
நான் அனுப்பிய சரக்கு.

மைத்துனருக்கு பாலூரில் நாலு ஏக்கர் கரும்பு.
"ஏன்யா, எங்க கரும்பு ஒத்துக்கலியா
உன் வண்டிக்கு?" என்று சிரிப்பார் பாவாடைராயன்.
சிரித்து முடித்ததும்
நிலுவை எப்ப வரும் என்பார்.
அதை அளக்க என்னிடம் மிதவை இல்லை.

நூறு போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.
விலை ஒன்றரை மடங்கு. போகட்டும்,
கிழட்டு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை.
லூர்துநாதன்தான் கெடுத்தான்.
என்னைவிட இருபது வயசு சின்னவன்,
பானெட்டுக்குள் தலையை விட்டபடியே பேசுவான்:

"நூறு போட்டா வண்டி நூறுல போகும்னு நினைச்சீங்களா?
ஆக்டேன்னா வேகம் இல்ல சார், பொறுமை.
நேரத்துக்கு முன்னாடி வெடிக்காம இருக்கற பொறுமை.
உங்க இன்ஜினு சாது, அதுக்கு அவ்வளவு வேணாம்.
கெடிலம் ஏறினப்ப அரை டேங்கோட
பன்னெண்டு நாள் நிறுத்தி வெச்சீங்களே,
காத்துல இருந்த ஈரத்தையெல்லாம் குடிச்சிருக்கு.
இருமாம என்ன பண்ணும்?"

கழற்றிப் போட்ட ரப்பர் குழாயைக் காட்டினான்.
ஊறி, உப்பி, நகம் பட்டால் பிய்ந்தது.
புதுசுக்கு அறுநூற்று நாற்பது.
கூலி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை,
முந்நூறு வைத்தேன், எடுத்துக்கொண்டான்.

பின்னால் ஹாரன்.
அமலோற்பவம் இன்னும் மூன்று குழாய்க்கும் நடுவில்
கையைத் தொங்கவிட்டு நிற்கிறாள்.
"சாதா" என்றேன்.
"எவ்வளவு சார்?"
"ஃபுல்."
இந்த வண்டி வாங்கியதிலிருந்து
நான் சொல்லாத வார்த்தை.

"பூஜ்யம் பாத்துக்கோங்க."
பார்த்தேன்.
எண்கள் ஓட ஓட, சட்டைப்பையைத் தொட்டபடி
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
டேங்க்குக்குள் ஈரம் குந்த இடமில்லாமல்
கழுத்து வரை வந்து டக்கென்று நின்றது.

முதல் திருகில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் பிடித்தது.
மைலேஜ் குறையும், தெரியும்.
எவ்வளவு என்று தேதி போட்டுக்
கையேட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தேன்.

பாலத்துக்கு முன்னால் ஒரு டிராக்டர்.
பாகூர்ப் பக்கத்துக் கரும்பு, தலைக்கு மேல் சுமை,
தோகை ரோட்டைக் கூட்டிக்கொண்டு போகிறது.
இடது பக்கம் வழி இருந்தது.
இரண்டாவது கியரிலேயே
அதன் பின்னால் போனேன்.